புட்டா பினாங்குக்குக் குடிபோன கதை

ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, செல்வியின் நைனா எழுதுவது.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட கடிதம் வந்தது. பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். பதினான்கு பேரில் ஒருவர்கூட நான் சௌக்கியமா, செல்வியின் அம்மா சௌக்கியமா என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "புட்டா எப்படி இருக்குது?" சரி, புட்டாவைப் பற்றியே எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் டீச்சர் சிவப்பு மையால் திருத்தட்டும். ஆனால் பாதியில் நிறுத்தாமல் படிக்க வேண்டும்.

உங்கள் டீச்சர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புட்டா எங்கள் நாய். உடம்பெல்லாம் வெள்ளை, முதுகில் மட்டும் ஒரு பழுப்புப் பொட்டு. வெறும் புடவையில் ஒற்றைப் புட்டா, அதாவது நெய்த பூப்பொட்டு, போட்டது போல இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் தெரு நெசவுத் தெரு. காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, பிரஷ் போட்டு நீவிக் காய வைப்பார்கள். அதற்குப் பெயர் பாவு. பாவைச் சுருட்டி எடுக்கும்வரை அதை யாரும் தாண்டக் கூடாது, அடியில் நுழையவும் கூடாது. எதிர்வீட்டில் தீப்பெட்டி வாங்க வேண்டுமானாலும் கடைசிக் கம்பம் வரை நடந்து சுற்றித்தான் போக வேண்டும். புட்டா குட்டியாக இருந்தபோது ஒரு நாள் பூனையைத் துரத்திக்கொண்டு முனுசாமி அண்ணனின் பாவுக்குள் புகுந்துவிட்டது. சிக்கெடுக்க முனுசாமி அண்ணனுக்கு ஒரு பகல் முழுக்கப் போயிற்று. பிரஷ் கட்டையாலேயே புட்டாவுக்கு ஒன்று வைத்தார். அன்றிலிருந்து பாவு நீட்டியிருந்தால் புட்டா அதன் ஓரத்தில் முகவாயைத் தரையில் வைத்துப் படுத்துவிடும். சுருட்டினால்தான் எழுந்திருக்கும்.

பினாங்கில் ஒரு பட்டுக்கடை. இங்கிருந்து போகிற புடவைகளில் இழை விட்டது, கறை பட்டது எல்லாம் பார்த்துச் சரிசெய்ய ஒரு நெசவுக்காரர் வேண்டும் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். குடும்பத்தோடு வரலாம் என்றார். செல்வி தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். "புட்டா வரலன்னா நான் வரமாட்டேன். என்னை இங்கயே உட்டுட்டுப் போங்க." சாப்பாட்டுக்கும் ஏறவில்லை. கடைசியில் நான் குழி ஓரத்தில் குந்திக்கொண்டு, "சத்தியமா புட்டா நம்மகூட வரும். இறங்குற இடத்துல அது இல்லன்னா நானும் இறங்க மாட்டேன், போதுமா?" என்றேன். அவள் மேலே ஏறி வந்தாள். வாக்குக் கொடுக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

புறப்படுகிற அன்று தெருவே வந்து நின்றது, உங்களுக்குத் தெரியும். முனுசாமி அண்ணன் மட்டும் பாவை விட்டு வரவில்லை. அங்கிருந்தே சத்தம் போட்டார்: "யப்பா, அங்க போயாவது எவன் பாவுலயும் பூந்துடாம இருக்கச் சொல்லுப்பா அந்த நாய!" எல்லோரும் சிரித்தார்கள். புட்டா அவரைப் பார்த்து என் காலுக்குப் பின்னால் போயிற்று.

முதல் சங்கடம் பஸ்ஸிலேயே வந்தது. புட்டாவை ஒரு பெரிய மூங்கில் கூடையில் வைத்து மேலே பழைய வேட்டியைக் கட்டியிருந்தேன். கண்டக்டர், "இன்னாய்யா அது, கோழியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவர் விசில் ஊத, கூடை குரைத்தது. பஸ் முழுக்கச் சிரிப்பு. "கோழி நல்லாக் கூவுதே!" என்றார் பின்சீட்டில் ஒருவர். கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டார். வாலாஜாபாத் வரைக்கும் நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் போனோம். புட்டா மூட்டைமேல் ஏறி நின்று வழியில் இருந்த எல்லா நாய்களையும் விசாரித்துக்கொண்டே வந்தது.

அங்கிருந்து ரயிலேறித் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். கப்பலில் முதல் நாள். நாங்கள் மேல்தளத்தில், ஆகாயத்தின் கீழ். பாய் விரித்த இடம்தான் வீடு. நாயைக் கூட வைத்துக்கொள்ள விடவில்லை. ஒரு சிப்பந்தி சங்கிலியை வாங்கிக்கொண்டு, "இது கசாப்புக்காரர் பொறுப்பு" என்றார். செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கும்தான். அப்புறம்தான் தெரிந்தது, கப்பலில் சமையலுக்கு உயிரோடு ஆடு கொண்டுபோகிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்கிறவரே பயணிகளின் நாயையும் பார்த்துக்கொள்வார். அவர் ஆற்காட்டுப் பக்கத்து முஸ்லிம் பாய். தாடிக்குள்ளேயே சிரிப்பார்.

செல்வி அவரிடம் போய், "நீங்க புட்டாவை வெட்டிடுவீங்களா?" என்று நேராகவே கேட்டாள்.

"அரே பேட்டா! நாயை யாரும்மா துன்னுவாங்க? ஆட்டைக் கேளு, அதுதான் பயப்படணும்" என்றார். "காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா வந்து பாரு. எண்ணி எடுத்துக்கோ. நாலு கால், ஒரு வாலு."

அவளும் தினமும் எண்ணினாள்.

இரண்டாம் நாள் செல்வியின் அம்மா கமலாவுக்குத் தலைசுற்றல். மந்தாரை இலையில் கட்டி எடுத்து வந்த மிளகு இட்லியை அவளால் பார்க்கவே முடியவில்லை. கப்பல் சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள். சோறு மலைபோலப் போட்டார்கள், பருப்பு ஆறுபோல ஓடிவிட்டது. இட்லியில் பாதி எனக்கு, பாதி புட்டாவுக்கு. ஆடுகளுக்கு நடுவில் மிளகு வாசனையோடு அது ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் இறக்கை வைத்த மீன்களைப் பார்த்தோம். தண்ணீரிலிருந்து கிளம்பி ஒரு வீட்டுத் தூரம் பறந்து மறுபடி விழுகின்றன. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், செல்வியே சாட்சி. அன்றைக்கு இன்னொரு வேடிக்கை. கிழக்கே போகப் போகக் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி வைக்க வேண்டுமாம். "தள்ளி வெச்ச நேரம் எங்க நைனா போச்சு?" என்று செல்வி கேட்டாள். டீச்சரைக் கேளுங்கள், தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். புட்டா மட்டும் கடிகாரத்தை மதிக்கவில்லை. நம் ஊர் நேரத்துக்கே பசித்துக் குரைத்தது.

ஐந்தாம் நாள் காற்று அடித்தது. கப்பல் ஒரு பக்கம் சாய, தட்டுகள் எல்லாம் மறுபக்கம் ஓடின. புட்டா சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ரொட்டியைப் பாலில் நனைத்துப் பாய் வைத்தும் அது முகர்ந்து பார்க்கவில்லை. "தரை மிதிச்சா சரியாப்பூடும்" என்றார் அவர். செல்வி எண்ணிப் பார்த்து, "நாலு காலும் இருக்குது, ஆனா வாலு ஆடல" என்று வந்து சொன்னாள்.

பினாங்கு வந்த அன்று காலை, கப்பல் தள்ளி நின்றுவிட்டது. ஒரு மோட்டார் படகில் எங்களை இறக்கிக் கரைக்குக் கொண்டு போனார்கள். அந்தப் படகு ஆடிய ஆட்டத்தில் புட்டா வாந்தி எடுத்தது. கரையேறும்போது அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

கரையில் நீளமான ஒரு கொட்டகை. நடுவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு வெள்ளைக் கயிறு இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் வந்தவர்கள். அந்தப் பக்கம் மேசை போட்டு அதிகாரிகள். கூப்பிடக் கூப்பிட ஆட்கள் கயிற்றுக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். மிருக வைத்தியர் ஒரு சர்தார்ஜி. நீலத் தலைப்பாகை, கண்ணாடி. அவர் மலாய் பேசினார். எங்களை அழைத்துப்போகக் கடையிலிருந்து அந்தோணி என்பவர் வந்திருந்தார். பினாங்கிலேயே பிறந்த தமிழர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டும், கடையில் விற்பனையாளர். அவர்தான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னார்.

"நாயைக் கொண்டு வாங்கண்ணே" என்று அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினார். நான் சங்கிலியைக் கொடுத்தேன். அவர் இழுத்தார். புட்டா கயிறுவரை வந்தது. முன்னங்காலை நீட்டிப் படுத்தது. முகவாயைத் தரையில் வைத்தது. அவ்வளவுதான், கல்லாகிவிட்டது.

அந்தோணி இழுத்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். நகரவில்லை. எச்சில் மட்டும் ஒழுகியது. வைத்தியர் எழுந்து நின்று பார்த்தார். பிறகு கேள்வி மேல் கேள்வி. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை? தண்ணீர் குடித்ததா? காலையில் நடந்ததா? நான் உள்ளதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

அந்தோணி என் காதருகே வந்து சொன்னார்: "வெறிநோயா இருக்கலாம்னு சந்தேகப்படுறாருண்ணே. கரைக்குள்ள விடமாட்டாரு. கப்பல்லயும் திரும்ப ஏத்த மாட்டாங்க. ஊசி போட்டுடணும்னு சொல்றாரு."

ஊசி என்ற வார்த்தை செல்வியின் காதில் விழுந்துவிட்டது. அவள் புட்டாவின் பக்கத்தில் குந்தி அதன் காதைத் தடவினாள். "ஊசிதானே புட்டா. நான் கூட அம்மை ஊசி போட்டுக்கினேன், கொஞ்சம்தான் வலிக்கும், அழாத" என்றாள். கமலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அது என்ன ஊசி என்று நான் எப்படிச் சொல்வேன்?

சம்மதக் கையெழுத்துப் போட என்னை மேசைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். காஞ்சிபுரத்து மிருக டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட் எங்கே என்றார்கள். அது கமலாவின் பையில். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். புட்டாவைப் பதிந்திருந்த செல்வியின் கப்பல் சீட்டோடு பெயரை ஒத்துப் பார்க்க வேண்டுமாம். மறுபடி வந்தேன், மறுபடி போனேன்.

அப்போது அந்தோணி பொறுமை இழந்துவிட்டார். "என்னண்ணே நீங்க! ஒவ்வொரு தடவையும் கொட்டகைக் கோடி வரைக்கும் போயி சுத்திக்கிட்டு வர்றீங்க! மொத்த சனமும் உங்களைப் பார்த்துச் சிரிக்குது லா. குனிஞ்சு வரத் தெரியாதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம். எல்லோரும் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் மூன்று தடவையும் கடைசிக் கம்பத்தைச் சுற்றி நடந்திருக்கிறேன்.

"கயிறு நீட்டியிருக்குதே, அதான்..." என்று சொல்ல வாயெடுத்தேன். கயிற்றின் ஓரத்தில் முகவாயைத் தரையில் வைத்துப் படுத்திருந்த புட்டாவைப் பார்த்தேன்.

"ஐயா! அதுக்கு நோயெல்லாம் இல்லீங்க. பாவுன்னு நெனச்சிக்கினு இருக்குது! அந்தக் கயித்த அவுத்துடச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அந்தோணி பட்டுக்கடையில் வேலை செய்கிறவர்தான். ஆனால் பாவைப் பார்த்ததில்லை. நான் சொன்னதை அவர் எப்படி மலாயில் சொன்னாரோ, சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். வைத்தியர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவிழ்த்துவிடும்படி கையைக் காட்டினார். ஒரு கூலி ஆள் ஒரு முனையை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தார். சுருள் புட்டாவைத் தாண்டியதுதான் தாமதம். எழுந்தது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. நேராக வைத்தியரிடம் போய் அவருடைய பூட்ஸை முகர்ந்து பார்த்தது.

"வாலு ஆடுது நைனா!" என்றாள் செல்வி.

வைத்தியர் மறுபடி கயிற்றைக் கட்டச் சொன்னார். பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டார். புட்டா படுத்தது. அவரே கயிற்றுக்கடியில் நுழைந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க் காட்டினார். முனுசாமி அண்ணனிடம் அடி வாங்கப் போகிற ஆளைப் பார்ப்பது போல அது அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. மறுபடி அவிழ்த்தார்கள். எழுந்தது. அப்போதுதான் சர்தார்ஜி சிரித்தார். "என் ஆட்கள் இந்தக் கயிற்றை இதில் பாதி மதித்தால் போதும்" என்று அவர் சொன்னதாக அந்தோணி சொன்னார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். புட்டா மடமடவென்று குடித்தது. ஊசித் தாளை வைத்தியர் தன் கையாலேயே கிழித்தார்.

ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஒரு மாதம் அரசாங்க நாய்க்கொட்டடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். "இறங்குற இடத்துல இருக்குது இல்ல? அப்ப சரி" என்றாள்.

வீட்டுக்குப் போக மூன்று சக்கர ரிக்‌ஷா. இங்கே வண்டிக்காரர் பின்னால் மிதிக்கிறார், நாம் முன்னால் உட்காருகிறோம். எதிரே லாரி வந்தால் முதல் மரியாதை நமக்குத்தான். கமலா கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். அந்தோணி சைக்கிளில் பக்கத்தில் வந்தபடி இன்னொரு குண்டைப் போட்டார்: "நாய் விஷயத்துல கடலைத் தாண்டிட்டீங்க. வீட்டுக்காரம்மா ஒண்ணு பாக்கி. அது சீனத்தி. முற்றத்துல மீ செய்யுது. போன குடித்தனக்காரர் நாய் ஒரு தடவை அதுல வாயை வெச்சுடுச்சு. அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா."

மீ என்றால் மாவு இழை. நம் சேமியா மாதிரி, ஆனால் இன்னும் மெல்லியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா முற்றத்தில் வேலையாக இருந்தார். பிசைந்த மாவை இரண்டு குச்சிகளில் சுற்றி, இழுத்து இழுத்து, நூல்போல ஆக்கி, மரச்சட்டத்தில் முற்றத்தின் நீளத்துக்கு நீட்டி வெயிலில் விட்டிருந்தார். நூறு நூறாக வெள்ளை இழைகள், காற்றில் லேசாக ஆடிக்கொண்டு.

அதுவரை தலை தூக்காத கமலா சட்டென்று நிமிர்ந்தாள். "இன்னாங்க, இங்கயும் பாவு போட்டுக்கினு இருக்காங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஓரத்தில் ஓர் இழை அறுந்து தொங்கியது. அறுந்த இழையைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. விரலை நக்கி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிணைக்கப் போய்விட்டாள். அந்த அம்மா ஒரு மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. அந்தோணி மொழிபெயர்க்கவில்லை. "வேணாம்ணே, விட்டுடுங்க" என்றார்.

அந்த ஒரு மாதம் மெதுவாகப் போயிற்று. கடையில் வேலை பிடித்திருக்கிறது. காப்பியில்தான் டின் பாலை ஊற்றிவிடுகிறார்கள், பாயசம் குடிப்பது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கொட்டடிக்குப் போய்க் கம்பி வழியாகப் புட்டாவைப் பார்த்தோம். நன்றாகச் சாப்பிட்டுத் தேறியிருந்தது. அதுவே எனக்குக் கவலையாகவும் இருந்தது. நம் தெருவில் பாவு சுருட்டிய பிறகு தரையில் சிந்திய கஞ்சியை அது எப்படி நக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டு இழையைத் தின்ன முடியாது. மாவு இழை சாப்பாடு அல்லவா? அதற்கு அது பாவா, பலகாரமா? செல்வியிடம் இதைச் சொல்லவில்லை. அவளாகவே ஒரு நாள், "நைனா, புட்டாவுக்கு மீ பிடிக்குமா?" என்று கேட்டாள். அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

புட்டா வந்த நாள் நல்ல வெயில். முற்றம் முழுக்க மீ நீட்டியிருந்தது. எங்கள் வீட்டு வாசல் முற்றத்துக்கு அந்தப் பக்கம். வீட்டுக்காரம்மா கழியோடு நடுவில் நின்றார். நான் சங்கிலியை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். அந்தோணி எங்கள் பின்னால் நின்றார்.

புட்டா மூக்கைத் தூக்கி முகர்ந்தது. மாவு வாசனை. நாக்கை ஒரு தடவை வெளியே விட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. இழைகளை நோக்கி நடந்தது. சங்கிலி விறைத்தது. செல்வி என் சட்டையைப் பிடித்தாள். நான் என்ன நினைத்தேனோ, சங்கிலியைத் தளர விட்டேன்.

சட்டத்தின் ஓரத்துக்குப் போனது. முன்னங்காலை நீட்டியது. முகவாயைத் தரையில் வைத்தது.

வீட்டுக்காரம்மா கழியை இறக்கவில்லை. காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். ஓர் இழை காற்றில் அறுந்து அதன் மூக்கின்மேலேயே விழுந்தது. புட்டா கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா கழியைச் சுவரில் சாத்திவிட்டு, காய்ந்த இழைகளைச் சட்டம் சட்டமாக எடுத்து உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தார். கமலா போய் மறுமுனையைப் பிடித்தாள். இந்தத் தடவை அவர் சத்தம் போடவில்லை. கடைசிச் சட்டம் எடுத்த பிறகுதான் புட்டா எழுந்து, உடம்பை உதறி, முற்றத்தைக் கடந்து எங்கள் வாசலில் போய் நின்றது.

அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இதை யாரு அடிச்சுப் பழக்கினதுன்னு கேக்குதுண்ணே" என்றார் அந்தோணி.

பெயரைச் சொன்னேன். அவரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். முனுசாமி என்பது அவர் வாயில் ஒரு சீனப் பெயராகவே ஆகிவிட்டது. உள்ளே போய் உடைந்த மீயை ஒரு கிண்ணத்தில் வேகவைத்துக் கொண்டுவந்து புட்டாவின் முன்னால் வைத்தார்.

பிள்ளைகளே, இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். முனுசாமி அண்ணன் பாவில் இருப்பார். நடுவில் ஓடாமல் சுற்றிக்கொண்டு அவரிடம் போங்கள். இங்கேயும் தினமும் பாவு போடுகிறார்கள், புட்டா இன்னும் ஒன்றில்கூடப் புகவில்லை என்று சொல்லுங்கள்.